730 வேளை: மாடுகளை விட்டுவிடுவதா, கறவையை மாற்றி அமைப்பதா?

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த 9 நாளும் பார்வையாளர் நேரம் சாயங்காலம் 4 மணி முதல் 6 மணி வரை. எங்கள் வீட்டில் மாலைக் கறவையும் 4 மணிக்குத்தான். அந்த 9 நாளில் நான் 3 நாள்தான் போய்ப் பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கு அப்போது முதுகுப் பிடிப்பு. குனிந்து நிமிர முடியாத மனிதரிடம் 18 கறவை மாடுகளை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? குணமாகி வீட்டுக்கு வந்த பிறகு, "உனக்கு மாடு இருக்கேடி, நான் ஒண்ணும் நினைக்கல" என்று அம்மாவே எனக்குச் சமாதானம் சொன்னாள். அன்று ராத்திரி பால் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே, மாடுகளை விற்றுவிடலாமா என்று முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டேன். அவர் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "நானும் அதைத்தான் நினைச்சிட்டிருந்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஏழு மாதமாக இந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறோம். உலகத்தில் ஏறக்குறைய 15 கோடிக் குடும்பங்கள் பால் உற்பத்தியில் இருப்பதாக ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு சொல்கிறது. அத்தனை வீட்டிலும் தினமும் யாரோ ஒருவர் மடியருகே உட்கார்ந்தாக வேண்டும். அவர்களில் எத்தனையோ பேர் இதே இடத்தில்தான் நிற்பார்கள். விடுவதா, இருப்பதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பதில் வராது. நடுவில் ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எங்கள் தொழுவத்தில் வைத்துப் பார்த்ததில் தெளிவானதை எழுதுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது

ஆரம்பத்தில் வருமானத்தை வைத்து ஒப்பிட்டோம். மாடு இவ்வளவு தருகிறது, சம்பள வேலை இவ்வளவு தரும் என்று ஒரு தாளில் எழுதினோம். எழுதி முடித்ததும் பழைய இடத்திலேயே நின்றோம். ஏனென்றால் எங்களை வாட்டியது காசு இல்லையே! அடுத்து, வேலை நேரத்தை வைத்துப் பார்க்கலாம் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் குறித்தோம். எத்தனை மணிக்கு எழுந்தோம், எதற்கு எவ்வளவு நேரம் போனது, யார் செய்தோம் என்று. அந்த நோட்டு எங்களுக்கு ஒரு விஷயத்தைக் காட்டியது. கறப்பதற்கு ஆகும் நேரம் மொத்த வேலையில் பாதிகூட இல்லை. சாணம் அள்ளுவது, தீவனம் வெட்டுவது, கன்றுகளுக்குப் பால் காட்டுவது, கணக்கு எழுதுவது, மருந்து வாங்கப் போவது என்று மிச்சம்தான் அதிகம். ஆனால் அந்த மிச்ச வேலையெல்லாம் நகரும். தீவனத்தைக் காலையில் வெட்டாவிட்டால் மத்தியானம் வெட்டலாம். கணக்கை நாளைக்கு எழுதலாம். கறவை மட்டும் நகராது.

அதனால் மணிக்கணக்கை விட்டுவிட்டு வேளைக் கணக்குக்கு வந்தோம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வருஷத்துக்கு 365 நாள். மொத்தம் 730 வேளை. இத்தனை முறை எங்களில் ஒருவர் அங்கே இருந்தே ஆக வேண்டும். உடம்பு சரியில்லாத நாளும் இதில் சேர்த்தி, துக்க வீட்டுக்குப் போக வேண்டிய நாளும் சேர்த்தி. ஒரு வழி நமக்கு விடுதலை தருமா என்று பார்க்க வேண்டுமென்றால், அது இந்த 730-ஐ எவ்வளவு குறைக்கிறது என்று கேட்டால் போதும். எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை.

கறவை ஏன் நகராது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் வழிகள் எல்லாம் இதில்தான் நிற்கின்றன. பசுவின் மடியில் பால் நாள் முழுக்க ஊறிக்கொண்டே இருக்கிறது. மடி நிறைய நிறைய உள்ளே அழுத்தம் கூடும், ஊறுவது மெதுவாகும். வழக்கமான நேரம் தாண்டினால் மாடு நிலைகொள்ளாமல் கால் மாற்றும், காம்பிலிருந்து பால் சொட்டும், அது வழியாகக் கிருமி ஏறி மடிநோய் வரவும் வழியுண்டு. இன்னொன்று, மடியில் இருக்கும் பாலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலே உள்ள அறையில் தயாராக நிற்கிறது. மீதி நுண்ணிய பைகளுக்குள் இருக்கிறது. ஆக்சிடோசின் என்ற சுரப்பு ரத்தத்தில் வந்தால்தான் அது கீழே இறங்கும். காம்பைத் துடைத்து உருவிய ஒன்றிரண்டு நிமிஷத்தில் அது வரும், சில நிமிஷங்கள்தான் வேலை செய்யும். மாடு மிரண்டால் அதுவும் நின்றுபோகும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். நேரமும் ஆளும் மாறாமல் இருந்தால் மாட்டுக்கு நிம்மதி. அந்த நிம்மதியை மாட்டுக்குக் கொடுத்துக் கொடுத்துத்தான் நாம் கட்டிப்போடப்படுகிறோம்.

பாதியாகக் குறைத்தால் பாதி வேலையா

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், எங்களுக்கும் தோன்றியது. 18 மாட்டை 9 ஆக்கிவிட்டால் வாழ்க்கை லேசாகிவிடும். வேளைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 9 மாடு இருந்தாலும் 730 வேளைதான். ஒரே ஒரு மாடு கறவையில் இருந்தாலும் அன்றைக்கு இரண்டு வேளைதான். ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் சீக்கிரம் முடியும், உடம்பு வலி குறையும், அது நல்ல விஷயம்தான். ஆனால் அம்மாவைப் பார்க்க 4 மணிக்குப் போக முடியுமா என்றால் முடியாது. வருமானம் பாதியாகும், கட்டு அப்படியே இருக்கும். முழங்காலோ தோளோ போய்விட்டவர்களுக்கு இது சரியான வழி. நேரம் வேண்டும் என்பவர்களுக்கு இல்லை.

கணவன் மனைவி வேளையைப் பிரித்துக்கொள்வதையும் இங்கேயே சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் இரண்டு பேருமே இரண்டு வேளையும் தொழுவத்தில் நின்றோம். சேர்ந்து செய்தால் சீக்கிரம் முடியும் என்ற பழக்கம். உண்மையில் கறவை இயந்திரத்தை வைத்துக்கொண்டு 18 மாட்டை ஒருவர் கறக்கலாம், நேரம்தான் கூட ஆகும். முதுகு சரியான பிறகு செவ்வாயும் வியாழனும் மாலை எனக்கு ஓய்வு, திங்களும் வெள்ளியும் அவருக்கு என்று வைத்தோம். ஒரு காசு செலவில்லாமல் கிடைத்த நான்கு சாயங்காலங்கள். இத்தனை வருஷம் ஏன் இதைச் செய்யவில்லை என்று இன்னமும் வருத்தமாக இருக்கிறது.

மாற்றாள்

வேளையை உண்மையாகவே குறைக்கும் முதல் வழி, நமக்குப் பதிலாக இன்னொருவர் கறப்பது. சில நாடுகளில் இதை ஒரு ஏற்பாடாகவே வைத்திருக்கிறார்கள். பின்லாந்தில் மாடு வளர்க்கும் விவசாயிக்கு வருஷத்துக்கு 26 நாள் விடுப்பு சட்டப்படி உண்டு, அந்த நாட்களில் பயிற்சி பெற்ற மாற்றாள் வந்து தொழுவத்தைப் பார்த்துக்கொள்வார். அயர்லாந்தில் 1980-லிருந்து விவசாயிகளின் கூட்டுறவாகவே இந்த மாற்றாள் சேவை நடக்கிறது. ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனாலோ வெளியூர் போக வேண்டியிருந்தாலோ ஆள் அனுப்புவார்கள். மாடு வைத்திருப்பவனுக்கும் ஓய்வு ஒரு உரிமைதான் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அப்படி ஏற்பாடு இல்லாத இடத்தில் நாமே ஆள் தேட வேண்டும். எங்கள் முதல் முயற்சி தோற்றுப்போனது. நன்றாகக் கறக்கத் தெரிந்த ஒருவரை வரச் சொல்லி, சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு நாள் வெளியே போனோம். திரும்பி வந்தபோது மயிலை என்ற பசு மடி கல்லாக நின்றது. புது ஆளைப் பார்த்துப் பாலை அடக்கிக்கொண்டது. அவர் அவசரத்தில் அதட்டியிருக்கிறார், அது இன்னும் மிரண்டிருக்கிறது. ராத்திரி 10 மணிக்கு நான் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து மடியைத் துடைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்தைத் தடவிக்கொடுத்து, அரை மணி நேரம் கழித்துத்தான் சுரப்பு விட்டது. அந்த அரை மணியில் எங்களுக்கு மாற்றாள் சரிப்பட்டு வராது என்றே முடிவு செய்துவிட்டேன்.

அந்த முடிவு தவறு. தப்பு அவர் மேலும் இல்லை, மயிலை மேலும் இல்லை. எதையும் சொல்லிக்கொடுக்காமல் போனது நாங்கள். இரண்டாவது முறை ஒரு பெண்ணை அழைத்து இரண்டு வாரம் எங்களோடேயே கறக்க வைத்தோம். முதல் சில நாள் அவள் காம்பு துடைப்பது மட்டும், பிறகு இயந்திரம் மாட்டுவது, கடைசி மூன்று நாள் நாங்கள் வாசலிலேயே நின்றுகொண்டோம். ஒவ்வொரு மாட்டின் பழக்கத்தையும் ஒரு அட்டையில் எழுதி அதனதன் இடத்துக்கு மேலே தொங்கவிட்டோம். செவலைக்கு இடது பின்காம்பு மெதுவாக வரும், மயிலைக்குத் தீவனம் முன்னாடி வைத்த பிறகுதான் தொட வேண்டும், இப்படி. மருந்து கொடுத்திருக்கும் மாட்டுக்குப் பின்னங்காலில் சிவப்பு நாடா கட்டுவதை இதில் விடவே கூடாது. அந்த ஒரு மாட்டின் பால் தவறிப் பொதுப்பாலில் கலந்தால் அன்றைய பால் முழுவதையும் கொட்ட வேண்டியதுதான். புது ஆளுக்கு அது எந்த மாடு என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது, நாடாவைப் பார்த்தால் தெரியும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் அவள் பொறுப்பு. 104 வேளை குறைந்தது, 730 போய் 626 ஆனது. வாரத்தில் ஒரு நாள்தானே என்று தோன்றலாம். ஆனால் வரப்போவது தெரிந்த ஒரு ஓய்வு நாள் இருக்கும்போது மற்ற ஆறு நாளின் கனமே வேறு மாதிரி இருக்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரரோடு முறை வைத்து மாற்றிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இந்த ஞாயிறு நீ எங்கள் மாட்டைக் கற, அடுத்த ஞாயிறு நான் உங்கள் மாட்டைக் கறக்கிறேன் என்று. கூலி மிச்சம், ஆனால் அடுத்த ஞாயிறு நமக்கு இரண்டு தொழுவம். அதோடு ஒரு தொழுவத்து நோய் இன்னொரு தொழுவத்துக்குப் போகும் பயமும் இருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை.

ஒரு வேளைக் கறவை

இதைப் பற்றிக் கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. நியூசிலாந்தில் வருஷம் முழுக்க ஒரு நாளைக்கு ஒரே வேளை கறக்கும் பண்ணைகள் இருக்கின்றன. 730 அங்கே 365 ஆகிவிடுகிறது. நடுவழிகளும் உண்டு. இரண்டு நாளில் மூன்று வேளை கறந்தால் வருஷத்துக்கு ஏறக்குறைய 548. வாரத்தில் பத்து வேளை, அதாவது திங்கள், புதன், வெள்ளி இரண்டு வேளையும் மற்ற நாலு நாள் ஒரு வேளையும் கறந்தால் ஏறக்குறைய 520.

இதற்கு விலை உண்டு. முழு ஈத்துக்கும், அதாவது கன்று போட்டதிலிருந்து பால் வற்றும் வரைக்கும், ஒரு வேளை என்றால் பால் நன்றாகவே குறையும். கால் பங்கு வரை போகலாம், சில மாடுகளில் அதற்கு மேலும் போகும். ஜெர்சி இன மாடுகள் ஓரளவு ஒத்துக்கொள்ளும், ரொம்பப் பால் கொடுக்கும் ஹோல்ஸ்டீன் மாடுகளுக்குக் கஷ்டம். மடியின் உள்ளறை பெரிதாக இருக்கும் மாடு தாங்கும், சிறிதாக இருப்பது தாங்காது. பால் குறைந்தாலும் அதில் கொழுப்பும் புரதமும் சற்றுக் கூடும் என்பதால், சத்தைப் பார்த்து விலை போடும் இடத்தில் நஷ்டம் லிட்டர் கணக்கில் தெரிவதைவிடக் குறைவு. அளவைப் பார்த்து மட்டும் வாங்கும் இடத்தில் அடி முழுசாக விழும். ஏற்கெனவே மடிநோய் தொல்லை இருக்கும் மந்தையில் இதை ஆரம்பிக்கவே கூடாது. மடியில் தொற்று இருப்பதைக் காட்டும் உடற்செல் எண்ணிக்கை பாலில் ஏறும், தொல்லை பெரிதாகும்.

எங்கள் மந்தையில் நாங்கள் பார்த்தது ஈத்தின் கடைசிக் காலத்தில் மட்டும். ஒரு பசு கன்று போட்டு ஏறக்குறைய 305 நாள் கறக்கும், அடுத்த கன்றுக்கு முன் 60 நாள் வற்றவிடுவோம். அந்த 305 நாளில் கடைசி மூன்று மாதம் பால் தானாகவே இறங்கிவிடும். அப்போது ஒரு வேளைக்கு மாற்றினால் இழப்பு பெரிதாக இல்லை, மாடும் முதல் சில நாள் மாலையில் கத்துவதோடு பழகிவிடுகிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நாங்களே செய்து பார்த்த பிறகுதான் உறைத்தது. எங்கள் 18 மாடும் ஒரே சமயத்தில் கன்று போடவில்லை. ஏழு மாடு ஒரு வேளைக்கு வந்தாலும் மற்ற பதினொன்றுக்காக மாலை 4 மணிக்குத் தொழுவத்துக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? வேலை சுருங்கியது, வேளை குறையவில்லை.

எல்லா மாட்டையும் ஒரே பருவத்தில் கன்று போட வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். நியூசிலாந்தில் பெரும்பாலான பண்ணைகள் அப்படித்தான் நடக்கின்றன. குளிர்காலத்தில் மொத்த மந்தையும் வற்றிவிடும், ஏறக்குறைய இரண்டு மாதம் கறவையே கிடையாது. கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள், பருவத்துக்கு வருவது 21 நாளுக்கு ஒருமுறை. சிதறிக் கிடக்கும் மந்தையை ஒரு பருவத்துக்குக் கொண்டுவரச் சில வருஷம் பிடிக்கும். அதற்கும் மேல், இரண்டு மாதம் பால் இல்லை என்றால் தினமும் வாங்குகிறவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார். எங்களுக்கு இது ஆகாது.

ரோபோ

கறவை ரோபோ 1992-ல் நெதர்லாந்தில் பண்ணைக்கு வந்தது. மாடு தானே உள்ளே போகும், அடர்தீவனம் தின்னும், கருவி காம்பைத் தேடி மாட்டிக்கொள்ளும். 730 என்பது காகிதத்தில் பூஜ்யம். ஒரு கருவி ஏறக்குறைய 60 மாட்டைக் கவனிக்கும். 18 மாட்டுக்காரர் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

60 மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். நேரம் கைக்கு வரும் என்பது உண்மை. காலை 4 மணி 7 மணியாகும். ஆனால் கருவி நின்றால் நள்ளிரவிலும் போன் அடிக்கும், தானாக வராத மாட்டைத் தேடி ஓட்டிவர வேண்டும், கணினித் திரையைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரியது கடன். தொழிலில் இருப்பதா போவதா என்று மனசு ஊசலாடும் சமயத்தில் இவ்வளவு பெரிய கடனை வாங்கினால், போவது என்ற கதவைக் கையோடு பூட்டுப் போட்ட மாதிரி. பத்து வருஷம் இதில்தான் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் வாங்கலாம்.

மாடு இருக்கட்டும், பால் வேண்டாம்

என் வீட்டுக்காரருக்கு மாட்டைப் பிடிக்கும். கறவை இயந்திரத்தின் சத்தம்தான் பிடிக்காமல் போய்விட்டது. இப்படிப்பட்டவர்கள் தொழிலையே விட வேண்டியதில்லை, கறவையை மட்டும் விடலாம். கிடேரிக் கன்றுகளை வளர்த்துச் சினையாக்கி விற்பது ஒரு வழி. வேறு பண்ணைக்காரரின் கிடேரிகளை மாதக் கூலிக்கு வளர்த்துக் கொடுப்பது இன்னொரு வழி. கிடேரிக்கு இரண்டு வேளை தீவனமும் தண்ணீரும் வேண்டும், ஆனால் அது ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனால் எதுவும் கெட்டுவிடாது. வீட்டில் இருக்கும் பிள்ளையைக்கூடப் போடச் சொல்லலாம். 730 கிட்டத்தட்ட முழுசாகப் போய்விடுகிறது.

இதில் சிக்கல் பணம் வரும் விதம். கிடேரி முதல் கன்று போட ஏறக்குறைய 24 மாதம் ஆகும். பால் காசு வாரா வாரமோ பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ வந்துகொண்டிருந்த வீட்டில், இரண்டு வருஷம் கழித்து மொத்தமாக வரும் காசு பெரிய மாற்றம். கூலிக்கு வளர்த்தால் மாதா மாதம் வரும், ஆனால் லாபம் சிறியது. மூன்று நான்கு கறவை மாட்டை வைத்துக்கொண்டு மற்ற இடத்தில் கிடேரி வளர்க்கலாமே என்று சொன்னவர்கள் உண்டு. ஒரே ஒரு மாடு கறவையில் இருந்தாலும் அன்றைக்கு இரண்டு வேளை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

தொழுவத்தையும் நிலத்தையும் இளைய தலைமுறை ஒருவரிடம் பங்குக்கு விடுவது இன்னொரு ஏற்பாடு. நியூசிலாந்தில் நிலம் ஒருவருடையது, மாடும் உழைப்பும் இன்னொருவருடையது, பால் வருமானத்தைப் பிரித்துக்கொள்வது என்ற முறை வெகு காலமாக இருக்கிறது. பங்குக் கறவை ஒப்பந்தங்களுக்கு 1937-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். வாய்ப்பேச்சில் விட்டால் முதல் சினைப்பசு செத்த அன்றே சண்டை வரும் என்பதால் அது நியாயம்தான். எழுத்தில் போட ஆள் கிடைத்தால், சம்பள வேலைக்குப் போக நினைப்பவர்களுக்குக்கூட இது நல்ல பாலம்.

முழுசாக விடுவது

என் நாத்தனார் வீட்டுக்காரர் மூன்று வருஷத்துக்கு முன்னால் மாடுகளை விற்றுவிட்டுச் சம்பள வேலைக்குப் போனார். அவரைப் போய்ப் பார்த்துப் பேசினோம். இந்த ஏழு மாதத்தில் நாங்கள் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று. விட்டவர்கள் எல்லோரும் வருத்தப்படுவார்கள் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. அவர் வருத்தப்படவில்லை. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, காய்ச்சல் என்றால் விடுப்பு, ராத்திரி பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது. இவ்வளவையும் ஒவ்வொன்றாகச் சொன்னார், ஒவ்வொன்றையும் இன்னும் நம்ப முடியாத மாதிரி சொன்னார். முதல் வருஷம் முழுக்க 4 மணிக்கு விழிப்பு வந்துகொண்டே இருந்ததாம். எழுந்து காலித் தொழுவத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து படுப்பாராம்.

குறையையும் சொன்னார். வேலையில் நேரம் இவர் கையில் இல்லை. ஷிப்ட் மாறும், மேலே இருப்பவர் சொன்னால் நின்றாக வேண்டும். மாடு கட்டிப்போட்டது, ஆனால் யாரும் வந்து கேள்வி கேட்டதில்லை. அப்புறம் வீட்டுச் செலவு. பாலும் எருவும் இதுவரை கணக்கில் வராமல் வந்துகொண்டிருந்தவை, இப்போது காசு கொடுத்து வாங்குகிறார்கள். சம்பளத்தோடு பால் வருமானத்தை ஒப்பிடுகிறவர்கள் இதை எழுத மறக்கிறார்கள், நாங்களும் மறந்தோம். போய்வரும் நேரத்தையும் வேலை நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் வருந்தினார். விற்ற விதம். முடிவு எடுத்த இரண்டே வாரத்தில் மொத்த மந்தையையும் ஒரே வியாபாரியிடம் தள்ளிவிட்டார். சினை மாடும், அப்போதுதான் கன்று போட்ட மாடும், வற்றிய மாடும், கால் நொண்டும் மாடும் எல்லாம் ஒரே விலைப் பேச்சில் போயின. நல்ல விலை போகக்கூடியவை சினைக் கிடேரிகளும் கன்று போட்டுச் சில வாரமான இளம் பசுக்களும்தான். அவற்றைத் தனித்தனியாக, தெரிந்தவர்களுக்கு, நேரம் எடுத்து விற்றிருக்கலாம். "மாடு போனதுக்கு அழலை, போன விதத்துக்கு அழுதேன்" என்றார்.

முடிவு எந்த நாளில் எடுக்கப்படுகிறது

அவரிடம் பேசிவிட்டு வந்த வழியில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. தொழிலை விடும் முடிவு, மாட்டை விற்கும் நாளில் எடுக்கும் முடிவு இல்லை. சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல், போடும் நாளிலேயே அதை எடுத்துவிடுகிறோம். இன்றைக்கு ஒரு பசுவுக்கு ஊசி போட்டுச் சினை பிடித்தால், 280 நாளில் கன்று, அதற்கு மேல் 305 நாள் கறவை. மொத்தம் 585 நாள். ஒன்றரை வருஷத்துக்கும் மேலே எங்கள் காலை மாலையை அந்த ஒரு ஊசியில் எழுதிக்கொடுக்கிறோம். இத்தனை வருஷமும் பசு பருவத்துக்கு வந்தது என்றால் யோசிக்காமல் போன் எடுத்துச் சினை ஊசிக்காரரை வரச் சொல்லிவிடுவோம். பருவம் முழுசாக நிற்பது 12 முதல் 18 மணி நேரம்தான், தவறினால் 21 நாள் போச்சு என்ற பதற்றம். அந்தப் பதற்றத்தில் நாங்கள் வருஷா வருஷம் இருப்பது என்ற முடிவையே எடுத்துக்கொண்டிருந்தோம், விவாதமே இல்லாமல்.

எனவே உடனே விற்கவும் இல்லை, பழையபடி தொடரவும் இல்லை. ஈத்தின் கடைசியில் இருக்கும் ஏழு மாட்டுக்கு ஊசி போடுவதை நிறுத்திவைத்திருக்கிறோம். நிறுத்துவதிலும் நஷ்டம் இருக்கிறது. சினை இல்லாத பசு வற்றினால் விலை இறங்கும், தீவனம் மட்டும் தின்னும். அதனால் ஏழுக்கும் ஒரு கெடு எழுதியிருக்கிறோம், அதற்குள் ஊசியா விற்பனையா என்று சொல்லியாக வேண்டும். மீதி பதினொன்றை ஞாயிறு மாற்றாளோடு நடத்துகிறோம். அவளுக்கு இஷ்டமிருந்தால் புதன்கிழமை மாலையும் கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம், அப்படி நடந்தால் 626 என்பது 574 ஆகும். கிடேரி வளர்ப்பு பற்றியும் ஒரு பண்ணைக்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறோம்.

என் சாய்வு எந்தப் பக்கம் என்று கேட்டால் மறைக்க மாட்டேன். பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போதே கறவையிலிருந்து வெளியே வர வேண்டும், கிடேரிகளோடு இருந்துகொள்ளலாம் என்பது என் விருப்பம். அவருக்கு இன்னும் ஒரு வருஷம் மாற்றாளோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். மாமாவிடம், அதாவது என் மாமனாரிடம் சொல்லத்தான் இரண்டு பேரும் பயந்தோம். இரண்டே மாட்டில் ஆரம்பித்தவர் அவர். முழுசாகக் கேட்டுவிட்டு, "எந்தெந்த மாட்டுக்கு நிறுத்தி வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். பெயர்களைச் சொன்னேன். "செவலையைச் சேர்க்காதே, அது இன்னும் ரெண்டு ஈத்து நல்லா கறக்கும். யாருக்குப் போனாலும் சினையோட போகட்டும்" என்றார்.

செவலை நேற்று விடிகாலை பருவத்துக்கு வந்தது. கத்திக்கொண்டே மற்ற மாட்டின் மேல் ஏறியது. என் வீட்டுக்காரர் போனைக் கையில் எடுத்துவிட்டு என்னிடம் வந்து நின்றார். மாமா சொன்னதையும் பேசினோம், 585 நாளையும் பேசினோம். சாயங்காலத்துக்குள் ஊசி போட்டாகிவிட்டது. நோட்டில் அதன் பெயருக்கு நேரே தேதியும், பக்கத்தில் "சினையோடு விற்க" என்றும் எழுதியிருக்கிறேன். மயிலைக்கு நேரே உள்ள கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அதற்கு அடுத்த பருவம் இன்னும் 12 நாளில்.